பன்னிரண்டு பூக்கள்

எழுபதுகளில் மெல்பேர்னில் நான் படம் வரைபவனாக வேலை செய்த பொறியியல் அலுவலகத்தில், மேலதிகாரி ஒரு செக் நாட்டுக்காரர். ஒரு ஞாயிறு மத்தியானம் என்னையும் மனைவியையும் சாப்பிட அழைத்தார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று சிவப்புக் கார்னேஷன் பூக்கள் வாங்கினோம். நான் ஒன்பது போதும் என்றேன்.

“பன்ரெண்டாய் எடுங்கோ, அப்பதான் வடிவு,” என்றாள் மனைவி.

கதவைத் திறந்த மேலதிகாரியின் மனைவி, பூங்கொத்தை வாங்கி உதட்டை அசைத்து எண்ணினார். அவர் முகம் மாறிவிட்டது. “யார் இறந்தது?” என்று மெல்லக் கேட்டார்.

மேலதிகாரிதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர்கள் ஊரில் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவீட்டுக்குத்தானாம். உடனே ஒரு பூவை உருவி என் மனைவியிடம் நீட்டினார். அவள் அதைக் கொண்டையில் செருகினாள். பதினொன்று. எல்லோரும் மூச்சு விட்டோம்.

சுவர்க் கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். “ஒரு பக்கம் மட்டும் வைச்சால் வடிவில்லை,” என்று இன்னொன்றை உருவினாள்.

“இஞ்சேர், என்ன செய்யிறாய்!” என்று கத்தினேன்.

மேலதிகாரியின் மனைவி பாய்ந்து வந்து, தானும் ஒன்றை எடுத்துத் தன் காதோரம் செருகிக்கொண்டார். ஒன்பது. வீடு தப்பியது.

“அப்போ எனக்கு?” என்று மேலதிகாரி பூங்கொத்துக்குக் கை நீட்டினார். அந்தக் கையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.