பாட்டா திறந்த சீர் டின்

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கல்யாண நாளில் ஒரு பெண் யாரை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்? மாப்பிள்ளையை. நானோ பல்லைக் கடித்துக்கொண்டு என் பாட்டாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அப்பா.

பாட்டாவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிறவர், இலை எடுக்கிறவர், வேன் டிரைவர் எல்லாரும் சாப்பிடும் பந்தி அது. சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பாவத்துக்கு நானும் மூன்று மணி வரை பட்டினி கிடந்திருக்கிறேன். கேட்டால், "முதல் இலையில விழுந்தது கடைசி இலையிலயும் விழணும். அதைப் பாத்துட்டுத்தான் நாம திங்கணும்" என்பார். யார் வீட்டுக் கல்யாணமோ, இவருக்கு என்ன வந்தது என்று எரிச்சலாக இருக்கும்.

என் கல்யாணத்திலாவது அடங்கி இருப்பார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப மூன்று மணிக்குள் நல்ல நேரம். காருக்குப் பூ சுற்றியாகிவிட்டது. மாமியார் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆசீர்வாதம் பண்ணி அனுப்ப வேண்டிய பெரியவரைக் காணோம். கூடவே சீர்ப் பலகாரத்தில் ஒரு டின்னையும் காணோம். அம்மாவும் சித்தியும் நான்கு நாள் அடுப்படியில் வெந்து சுட்ட முந்திரிக்கொத்து!

எனக்குப் புரிந்துவிட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன். பாட்டா டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைசிப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். பாயசத்தோடு பிசைந்து சாப்பிடுகிற போளி தீர்ந்துவிட்டதாம். அதனால் பால் பாயசத்தோடு முந்திரிக்கொத்தாம். உலகத்தில் யாராவது அப்படிச் சாப்பிடுவார்களா?

"பாட்டா, உங்களுக்கு மதி கெட்டுப் போச்சா? சீருக்கு வச்சதை யாருக்கு எடுத்துப் போடுதியோ?" என்று கத்தினேன்.

பாட்டா அசையவில்லை. ஆனால் ஓரத்து இலையில் இருந்த மண்டபத்து வேலைக்கார அம்மா ஒருவர் எழுந்துவிட்டார். காலையிலிருந்து எச்சில் இலை எடுத்தவர். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. "எனக்கு வயிறு நெறஞ்சாச்சு மக்களே" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். உங்களைச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு யாரைச் சொன்னேன்?

சாப்பிடுகிறவரை இலையிலிருந்து எழுப்புவது எங்கள் பக்கம் பெரிய பாவம். பாட்டா டின்னை என் கையில் திணித்தார்.

"எழுப்பினது நீ. இருத்த வேண்டியதும் நீதான்."

"பாட்டா, கார் நிக்கி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. நேரம் போவுது."

"போவட்டும்."

அவ்வளவுதான். கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம், அவரைக் கரைக்க முடியாது. அந்த அம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். அவர் வெட்கப்பட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்து வந்து, புது இலை போட்டு, கழுத்து நிறைய மாலையோடு குனிந்து சோறு வைத்தேன். பாயசம் ஊற்றினேன். முந்திரிக்கொத்தும் வைத்தேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். வாசலில் நின்று மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பாட்டா தன் இலையில் உட்கார்ந்தார். மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

டின் குறைந்த கதையை மாமியார் ஒரு வருடம் ஊரெல்லாம் சொன்னார். அடுத்த வருடம் பாட்டா போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் கோபமும் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

போன மாதம் தோவாளையில் ஒரு கல்யாணம். நான் பசி தாங்காதவள். முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன், இலை போட்டதும் எழுந்துவிட்டேன். மூன்று மணிக்குத் தலை சுற்ற, பாட்டாவைத் திட்டிக்கொண்டே கடைசிப் பந்தியில் போளி விழுகிறதா என்று பார்த்து நின்றேன். "எம்மா, பசிக்கி" என்று என் மகள் கையை இழுத்தாள். நான் என்ன செய்வேன்? அன்று நான் எழுப்பிவிட்ட அந்த இலை பாதிச் சோற்றோடு இன்னும் என் கண்ணுக்குள் விரிந்து கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய் முதல் பந்தியில் சாப்பிட எனக்கு இன்றுவரை முடியவில்லை.