கம்பியூட்டர் கூட்டிய பெரட்டு

பேய் இருக்கிறது என்று ஊரே சொன்னதால்தான் இந்தத் தேயிலை ஃபெக்டரி எனக்கு மலிவாகக் கிடைத்தது. அந்தப் பேய்க்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். பன்வில பக்கம் வந்து மாணிக்கம் முதலாளி என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என் பூட்டன் கொழுந்து மூட்டை சுமந்த அதே கட்டடத்தை என் பெயரில் எழுதி வாங்கினேன். துரை உட்கார்ந்த அறையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன், துரை வைத்த மாதிரியே தலையில் தொப்பியும் வைத்தேன். எவன் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. ஆகவே நான் சொல்லப்போவதைப் பயந்தவன் பேச்சு என்று நினைக்காதீர்கள்; நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

என் மகள் சுகந்தி கண்டியில் கம்பியூட்டர் படித்தவள். கொழுந்து வாட்டும் காற்றாடி, அடுப்புச் சூடு, வேலைக்குக் கூப்பிடும் சங்கு, எல்லாவற்றையும் ஒரு பழைய கம்பியூட்டரில் கட்டிவிட்டிருந்தாள். அதற்குள் ஓடுவது யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள். உலகம் முழுக்கச் சிலர் கூலி வாங்காமல் கூட்டாக எழுதுகிறார்களாம், யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். நம் மரண உதவிச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என் மகளும் ஒருத்தி. பழைய கம்பியூட்டர் மெஷின்களில் அது ஓடுவதற்கு அவள்தான் பொறுப்பு.

அதில் ஒரு தொல்லை வந்தது. பழைய மெஷின் காலத்தை வினாடி வினாடியாக எண்ணி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறதாம். 2038ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பெட்டி நிரம்பிவிடும். லொறியின் மைல் மீட்டர் சுற்றி முடிந்தால் பூச்சியத்துக்கு வருமே, இது பூச்சியத்திலும் நிற்காது, அதற்கும் பின்னால் 1901ஆம் ஆண்டுக்குப் போய் விழும். அதனால் எல்லோரும் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய மெஷினுக்கு அது கஷ்டம், விட்டுவிடுவோம் என்று கூட்டத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். இவள் விடவில்லை. அப்படியானால் உண்மையான பழைய மெஷின் ஒன்றில் பிழையையும் காட்டு, திருத்தத்தையும் காட்டு, இன்று பின்னேரத்துக்குள் காட்டாவிட்டால் பழைய மெஷின் பகுதியையே வெட்டிவிடுவோம் என்றார்கள். வெட்டினால் எங்கள் கம்பியூட்டர் ஒருநாள் மக்கர் பண்ணும்போது கேட்க நாதியில்லை, ஃபெக்டரியை இழுத்து மூடி இருக்கிற ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சரி, நம் மெஷினிலேயே பார் என்றேன். தட்டில் பச்சைக் கொழுந்து கிடந்தது. காற்றாடிகளைக் கழற்றிவிட்டுச் செய்வோம் என்றாள், கொழுந்து புழுங்கிப்போகும், கழற்றாமல் அப்படியே செய் என்று சொன்னவனும் நான்தான்.

பகல் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே நல்ல வெளிச்சம், மலையில் மட்டும் கொஞ்சம் மூடுபனி. தேயிலைத் தூள் ஏற்ற வந்த லொறிக்கார நஸீர் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுகந்தி என் அறையில் இருந்த கம்பியூட்டரின் கடிகாரத்தை 2038க்குத் தள்ளி வைத்தாள். ஆண்டு சட்டென்று 1901 என்று மாறியதை நானும் கண்ணால் பார்த்தேன். காற்றாடிகள் நின்றன. அவ்வளவு பெரிய கட்டடம் ஒரேயடியாக அமைதியானது. அப்போதுதான் அது கேட்டது. சங்கு இல்லை ஐயா, தப்பு. தோல் காய்ச்சி அடிக்கிற தப்பு, முற்றத்திலிருந்து.

எங்கள் முற்றத்தைப் பழைய ஆட்கள் பெரட்டுக்களம் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் விடியுமுன் தப்படித்தால் லய வீடுகளில் இருக்கும் வேலைச் சனம் எல்லாம் அங்கே வரிசையில் நின்று, வேலை வாங்கும் கங்காணியிடம் பெயர் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு.

நான் எப்போது எழுந்தேன், எப்படிப் படியிறங்கினேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. நான் முற்றத்தில் நின்றேன். வேலையாட்கள் எல்லோரும் வரிசையில். நான் முதல் வரிசை. தொப்பி கக்கத்தில், இரண்டு கையும் கட்டியிருக்கிறது. முன்னால் யாரும் இல்லை. ஆனால் இருமி இருமி ஒருவன் பெயர் கூப்பிடுகிறான். என் முறை வந்தது. அவன் கூப்பிட்டது மாணிக்கம் இல்லை, வேறு பெயர். நம்பினால் நம்புங்கள், அது என்னைத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"வந்துட்டேன் சாமி" என்றேன்.

நானா, சாமி என்றேன்!

பின்னாலேயே இறங்கி வந்திருந்த சுகந்தி உள்ளே ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பழையபடி வைத்தாள். காற்றாடி உறுமியது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

"என்ன மொதலாளி, பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி நிக்கிறீங்க? வல்லாஹி, நான் பயந்துட்டேன்" என்றார் நஸீர். அவருக்கும் தப்புச் சத்தம் கேட்கவில்லை, என் மகளுக்கும் கேட்கவில்லை.

"அப்பா, இன்னொரு தடவை ஓட்டணும்" என்றாள் திரும்பி வந்த சுகந்தி.

"மறுபடியுமா?"

"இப்பக் காட்டினது பிழை. இனித் திருத்தினதைக் காட்டணும். இல்லாட்டி வெட்டிருவாங்க."

"திருத்தினது சரிவராட்டி?"

"திரும்பவும் 1901க்குத்தான் போகும்."

கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்கிற பார்வதி, என் வயசுக்காரி, சேலையில் கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "போடச் சொல்லுங்க முதலாளி. ஃபெக்டரி மூடினா நாங்க எங்க போறது? கூப்பிட்டா நிப்போம். நம்ம பாட்டன் பூட்டன் நிக்காததா? உங்களுக்குத்தான் நின்னு பழக்கமில்ல" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போடு" என்றேன். அறைக்குப் போய் உட்கார்ந்து, கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சுகந்தி தன் திருத்தத்தை ஏற்றினாள், கடிகாரத்தை மறுபடி தள்ளினாள். எண்கள் ஓடின. அந்த வினாடி வந்தது, போனது. 2038 அப்படியே 2038 ஆக நின்றது. காற்றாடி நிற்கவில்லை, தப்பும் இல்லை. பின்னேரம் கூட்டத்தார் அவள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். பழைய மெஷின்கள் தப்பித்தன, ஃபெக்டரியும் தப்பித்தது. என் மகள் சொல்லை உலகமே கேட்டு நடக்கிறது என்று கண்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் வேலை விட்டுப் போகும்போது பார்வதி முற்றத்தில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"என்னம்மா?" என்றேன்.

"பெரட்டுல பேர் குடுத்தா, கங்காணி போன்னு சொல்லணும் முதலாளி. அப்பத்தான் களத்தை விட்டு நகரலாம். நேத்து பேரை மட்டும் வாங்கிட்டாங்க. யாரும் போகச் சொல்லலையே."

என்ன செய்வது? "போங்க" என்றேன். போனார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். வேலை விட்டதும் முற்றத்தில் வந்து ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்னால் நகர்வார்கள். கடைசி ஆளும் வளைவில் மறைந்த பிறகும் நான் நிற்கிறேன். வண்டி பக்கத்தில்தான் இருக்கிறது, கால்தான் வரவில்லை. எனக்குப் போ என்று சொல்ல அங்கே யாருமில்லை. சுகந்தி வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் வண்டியில் ஏறுகிறேன்.