அந்த வெயிட்டர்

குணம் அங்கிள் இறந்துவிட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது முதலாளி சொன்னார்... ஹார்ட் அட்டாக்.

நான் இங்கே ஃபேஸ்புக்கில் எதுவும் எழுதுவதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

லண்டன் நோர்பரியில் எங்கள் தமிழ்க் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். மீன் வெட்டுவார், காசு வாங்கும் டில்லில் நிற்பார், டெலிவரிக்கும் அவரே போவார்.

நான் ஸ்கூலை இடையில் விட்டவள். டில்லில் யாராவது "பிள்ளை எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் எனக்கு வாய் வராது. உடனே மீன் பக்கத்திலிருந்து அவர் குரல் வரும்.

"அக்கா, விளைமீன் இப்பதான் வந்தது. வந்து பாருங்கோ."

மீன் முடிந்துபோன நாளிலும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார்...

லண்டனுக்கு வந்த புதிதில், வால்தம்ஸ்டோவில் ஆறு பேர் இருந்த அறையில், டிவியில் ஒரு பழைய அமெரிக்கப் படம் பார்த்தாராம். உலகப் போர் நடந்தபோது குறைந்த செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு துறைமுகம், ஒரு ஹோட்டல், நிறைய மூடுபனி, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு உளவாளி. உளவாளி யார் என்று தெரிய முன்னரே வேலைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

"வெயிட்டர்தான் பிள்ளை. அவனே பிறகு பொலிஸ் உடுப்பிலயும் வாறான். ஒருத்தரும் கவனிக்கேல்லை, நான் பிடிச்சிட்டன்."

"உன்னைச் சிஐடியில எடுத்திருக்கோணும் குணம்" என்பார் முதலாளி.

போன மாதம் பஸ்ஸில் வரும்போது போனில் தேடி, அந்தப் படத்தைக் கண்டுபிடித்தேன். உளவாளி டொக்டர். வெயிட்டராகவும் பொலிஸாகவும் ஒரே நடிகர், அவ்வளவுதான். இன்னொருவரைப் போட அவர்களிடம் காசு இல்லை போல.

படம் கிடைத்தது என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாத்தனியா? வெயிட்டர்தானே?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார், கடை முழுவதும் கேட்க. பிறகு என்னிடம் மெதுவாக, "லிங்கை அனுப்பு பிள்ளை. அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை ஞாயிற்றுக்கிழமை பாக்கிறன்."

நான் அனுப்பவில்லை. இரண்டு முறை கேட்டார். போன் சரியில்லை என்றேன்...

இன்று மத்தியானம் ஒரு அன்ரி, எந்த ஸ்கூல் என்று கேட்டார். நான் மீன் பக்கம் பார்த்தேன்.

லிங்க் இப்போதும் என் போனில் இருக்கிறது.

அங்கிள், அந்த வெயிட்டர் ஒன்றும் செய்யவில்லை. போயிட்டு வாங்கோ.