சிறுகோளுக்குப் பெயர் அனுப்ப இருந்தவர்

பிள்ளைகளே, சூளகிரியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ்ஸில் ஒருவர் எனக்குப் பழக்கமானார். இரும்புச் சாமான்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

சிறுகோள் தேட ஆசைப்படுகிறவர்களுக்கு விஞ்ஞானிகள் அனுப்பும் வானத்துப் படங்களையும் லேப்டாப்பில் அப்படித்தான் பார்ப்பார். அடுத்தடுத்து எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம், சூரியனைச் சுற்றும் பாறை. அப்படி ஒன்று அவர் கண்டுபிடித்ததாகப் பதிவாகியிருந்தது.

“உங்க பேரையே வெச்சிருங்கண்ணா” என்றேன்.

“கண்டுபுடிச்சவன் தன் பேரை வெச்சுக்கறதில்லப்பா. அது போற பாதை சரியாத் தெரியவே வருசக்கணக்காவும். அதுவரைக்கும் வெறும் எழுத்தும் நம்பரும்தான். அப்புறம் கம்பெனியில எங்க லைன்ல வேலை பாக்கற அக்கா பேரை எழுதி அனுப்பப்போறேன்.”

“அவங்க பேரு எதுக்கு?”

அவர் குரல் இறங்கியது. “சாப்பாட்டு நேரத்துல எட்டிப் பாத்துட்டு, ‘இந்தப் புள்ளி நவுருதே, உனக்குக் கண்ணாடி ஒரு கேடா?’ன்னு அவங்கதான் காட்டுனாங்க. நான் என் பேருல அனுப்பிட்டேன்.”

“நல்லதாப் போச்சுண்ணா. அவங்க பேருல அனுப்பியிருந்தா அவங்க பேரை வெக்க முடியாதில்ல?”

“அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கறேன். ஆனா என் பேருல அனுப்புனதை அவங்ககிட்ட இன்னும் சொல்லலப்பா.”

ஓசூர் வந்தது. அவர் அங்கேதான் இறங்குவார், அன்று இறங்கவில்லை. பாகலூர் வரை என்னோடு வந்து, அந்த அக்காவின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அந்த அக்கா திட்டினாரா, சிரித்தாரா, தெரியாது. பெயர் வைக்க இன்னும் பல வருடம் இருந்தும், அன்றைக்கே அவர் போனாரே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.