அந்தோனியார் தேடித் தராத வித்தியாசம்

மாலை ஐந்து மணி ஒரு நிமிடம். நான் முதலில் கண்டது ஒரு கை. என் விடைத்தாளின் மேல் விரித்து வைக்கப்பட்ட, மோதிரம் போட்ட கை. மேற்பார்வையாளருடையது.

"பேனைய வைங்க மிஸ். நேரம் முடிஞ்சி."

இடம், கண்டியில் ஒரு பாடசாலை மண்டபம். பரீட்சை, கணக்காளர்களுக்கான தொழில்முறைப் பரீட்சையின் நிதிக் கணக்கீட்டு வினாத்தாள். ஐந்து கேள்விகளில் இரண்டைத்தான் முடித்திருந்தேன். மூன்றாவதில் ஐந்தொகை சமப்படவில்லை. அந்த வித்தியாசத்தைத் தேடியதில் ஒரு மணித்தியாலம் போயிருந்தது. கடைசி இரண்டு கேள்விகளுக்கான பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன.

அந்தப் பாடத்தில் நான் தவறியது அது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே விதமாகத்தான் தவறினேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு கம்பளையில். கண்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுநராக இருக்கிறேன். பெறுபேறு வந்த மறுநாள் எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த தடவையும் இந்தப் பாடத்தில் சித்தியடையாவிட்டால் பயிற்சியை நீடிக்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கதிரைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான்கு வருடப் படிப்பு அதோடு முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கணக்கியல் படிக்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சொத்துகளை ஒரு பக்கமும் பொறுப்புகளை மறுபக்கமும் எழுதும் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒரே கூட்டுத்தொகைக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. ஆனால் அந்தப் பிழையால் போவது ஓரிரண்டு புள்ளிகள்தான். தேடி நேரத்தை இழந்தால் போவது முப்பது, நாற்பது. இது எங்களில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தேடுவோம். இரண்டு பக்கமும் சமப்படாத ஒரு தாளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக எங்கள் கை மறுக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் நடக்கும் புனித அந்தோனியார் நவநாள் செபத்துக்குப் போகத் தொடங்கினேன். தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று, சாவி தொலைந்தாலும் நம் வீடுகளில் கூப்பிடுவது அவரைத்தானே. நானும் அதையேதான் கேட்டேன். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று காட்டும், சீக்கிரமாகக் கண்டுபிடிக்கும் கண்ணைத் தாரும். ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் கேட்டேன். வீட்டில் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து பார்த்தேன். வித்தியாசம் வந்தது. தேடினேன். நேரம் முடிந்தது. ஒன்பது வாரமும் அப்படித்தான்.

பத்தாவது வாரம் விலகல் கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. அதற்கு முதல் நாள் ஞாயிறு திருப்பலியில் அந்தக் கடிதம் என் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. அன்று நான் எதுவும் கேட்கவில்லை. "இனி நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். அதில் விசுவாசத்தைவிடக் கோபமே கூடுதலாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் பிரியா நின்றாள். மருந்துக் கடையில் வேலை செய்பவள். எங்கள் பங்குக் கோயிலின் வலைப்பந்து அணியில் கோல் போடுபவள்.

"ஸ்டெல்லா, பேராதனை டீம் வந்திருச்சு. ஸ்கோர் எழுத ஆளு இல்ல. வாடி."

"எனக்கு நெட்போல் தெரியாதுடி."

"கணக்குப் படிக்கிறவ தானே? பத்து வரைக்கும் எண்ணுவ தானே? வா."

போக மனமில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லை. போனேன்.

மைதான ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒன்றில் பேராதனை அணிக்கு எழுதுபவர் இருந்தார். பெயர் யாழினி. யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடத்தில் வேலை. என் வயதுதான் இருக்கும். எழுதும் முறையை இரண்டு நிமிடத்தில் சொல்லித் தந்தார். கோல் விழுந்தால் வட்டம். தவறினால் சாய்கோடு. இரண்டு அணிக்கும் இருவரும் எழுத வேண்டும்.

முதல் கால்பகுதியில் பிரியாவின் பெயருக்கு நேரே ஐந்து சாய்கோடுகள் வரிசையாக விழுந்தன. வேலிக்கு அப்பால் இருந்து எங்கள் ஆட்களே கத்தினார்கள்.

"பிரியா, வளையம் மேல இருக்கு! மரத்துல இல்ல!"

எனக்கு அதைவிட வேறொன்று விநோதமாக இருந்தது. தவறிய ஒவ்வொரு தடவையும், பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்தவுடனே, அவள் கையை உயர்த்தினாள். பந்தைக் கேட்டாள். ஐந்தாவது தவறுக்குப் பிறகும் கை அதே உயரத்துக்குப் போனது. ஆறாவது விழுந்தது.

இரண்டாம் கால்பகுதியில் யாழினி எங்கள் அணிக்குப் பதினொன்று என்றார். என் தாளில் பத்து. நான் உடனே தொடக்கத்திலிருந்து வட்டங்களை எண்ணத் தொடங்கினேன். ஒரு தடவை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். நடுவரின் விசில் இரண்டு தடவை காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன தேடுறீங்கள்?"

"ஒன்னு குறையுதுங்க."

"குறைஞ்சாக் குறையட்டும். அதில ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அங்க பாருங்கோ. நீங்கள் தேடுற நேரத்துக்குள்ள ரெண்டு கோல் விழுந்திட்டுது. ஆர் போட்டது எண்டு தெரியுமோ?"

தெரியாது. காணாமல்போன ஒன்றைத் தேடிய நேரத்தில் கண்முன்னே விழுந்த இரண்டை நான் பார்க்கவில்லை.

 பரீட்சை மண்டபத்து வெள்ளைப் பக்கங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கேள்விக்குறியைப் போட்டேன்.  அடுத்த கோலை எழுதினேன்.

இடைவேளையில் நடுவரிடம் கேட்டோம். அந்த நேரத்துக்குப் பத்துதான் சரி. வளையத்தில் பட்டு வெளியே போன ஒரு பந்துக்கு யாழினி வட்டம் போட்டிருந்தார். "ஓம், பிழை என்ர பக்கம்," என்று சிரித்தார். என் தாளில் இல்லாத பிழையை நான் என் தாளில் தேடியிருக்கிறேன்.

பிரியா தண்ணீர் குடிக்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"அஞ்சு விட்டியே. அப்புறமும் ஏன்டி கை தூக்கின?"

"தூக்காட்டி யாரு போடுறது? எங்க டீம்ல கோல் போட ரெண்டே பேருக்குத்தான் அனுமதி. மத்தவங்க போட்டா கணக்குல வராது."

"விட்டது மனசுல வராதா?"

"வரும். வீட்டுக்குப் போறப்ப பஸ்ல வரும். நல்லா அழுவேன். இங்க அதுக்கு எடமில்ல."

அன்று எங்கள் அணி மூன்று கோலால் தோற்றது.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுக்கவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் இருக்கலாம். நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். ஸ்கோர் எழுதுபவர் அன்று வராதது, நான் அந்தக் கணத்தில் வாசலுக்கு வந்தது, யாழினி பிழையாக ஒரு வட்டம் போட்டது. மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் நான் என் தவறைக் கண்டிருக்க மாட்டேன். ஒன்பது வாரம் நான் கேட்டது தேடும் கண். தரப்பட்டது தேடாமல் விடும் துணிவு. கொடுத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அது ஒரே நாளில் பழக்கமாகவில்லை. வீட்டில் மணிக்கூட்டை வைத்துப் பயிற்சி செய்தேன். ஐந்தொகை சமப்படாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். தொங்கல் கணக்கு என்பது காரணம் தெரியும்வரை வித்தியாசத்தை நிறுத்திவைக்கும் இடம். முதல் வருடமே படித்தது. ஒரு நாளும் பரீட்சையில் பாவித்ததில்லை. ஆரம்பத்தில் பக்கத்தைத் திருப்பும்போது அழுகை வந்தது. திருப்பியவுடன் வலது கையைக் கொஞ்சம் உயர்த்துவேன், பிரியா மாதிரி. தங்கை பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை.

நான்காவது தடவை அதே மண்டபம். பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பார்த்தால் ஐந்தொகை சமப்படவில்லை.  "அந்தோனியாரே, இதை நீர் வைத்துக்கொள்ளும்" என்றேன். வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் எழுதினேன். பக்கத்தைத் திருப்பினேன். நான்கு மணி ஐம்பத்தொரு நிமிடத்துக்கு ஐந்தாவது கேள்வியை முடித்தேன். மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்திலும் பின்னால் திரும்பிப் போய் வித்தியாசத்தைத் தேடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

சித்தியடைந்தேன். பயிற்சி நீடிக்கப்பட்டது. ஆண்டவருக்கும், எனக்காகப் பரிந்து பேசிய புனிதருக்கும் என் நன்றியை இங்கே உங்கள் முன்னால் சொல்கிறேன். ஞாயிறுகளில் இப்போது எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதுவது நான்தான். பிரியா என்னைக் கூப்பிடுவது "கேள்விக்குறி" என்று.

என்னோடு செபிக்கிற உங்களில் பரீட்சைக்குப் படிப்பவர்களும் இருப்பீர்கள். கேளுங்கள். கோபத்தோடு என்றாலும் கேளுங்கள். ஆனால் கேட்ட பொருள் கேட்ட வடிவத்தில்தான் வர வேண்டும் என்று ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கோயில் வாசலில் யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டால், மனமில்லாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

அந்த நான்காவது தடவை என் ஐந்தொகையில் இருந்த வித்தியாசம் பதின்மூவாயிரத்து ஐநூறு ரூபாய். அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.