மேலே தள்ளினால் ஓடும்

இந்த ஊரில் விளக்கு எரிய ஸ்விட்சை மேலே தள்ள வேண்டும், அணைக்கக் கீழே. நம் பக்கத்துக்கு நேர் தலைகீழ். எழுபதுகளின் கடைசியில் ஓஹையோவுக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் டிஸ்போசல் என்று ஒரு இயந்திரம் உண்டு. மிச்சம் மீதியைத் தொட்டியின் துளையில் தள்ளினால் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். சோற்றைக் கொட்டுவதற்குக்கூடக் கரண்டு செலவழிக்கிற தேசம்! அதன் ஸ்விட்சும் விளக்கு ஸ்விட்சும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் இங்கே வந்தோம். அவள் கையை நம்பித்தான் குடும்பம். ஒரு ஞாயிறு மதியம் பாத்திரம் கழுவும்போது கரண்டி துளைக்குள் விழுந்துவிட்டது. கையை உள்ளே விட்டபடியே, "ஏங்க, ஆஃப்லதான கீது? பாருங்க" என்றாள். பார்த்தேன். கீழே இருந்தது. கீழே இருந்தால் ஓடும் என்றே பழகிய கை, யோசிக்காமல் மேலே தள்ளிவிட்டது.

இயந்திரம் உறுமியது. கரண்டி குறுக்கே சிக்கி நின்றதால் விரல்கள் தப்பின. நடுவிரலில் மட்டும் மூன்று தையல். "இன்னாங்க பண்ணீங்க?" என்று கேட்டாள்.

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் நான் வயர்மேன். மோட்டாரில் எவன் கை வைத்தாலும் முதலில் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "ஸ்விட்ச நம்பாத நைனா, கட்டைய ஜோபில போட்டுக்கினு கைய வையி" என்று தினமும் கத்தியவன் நானேதான். கட்டை அவன் பையில் இருக்கும்வரை யார் எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் பயமில்லை. ஊரார் விரல்களையெல்லாம் காப்பாற்றியவன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அது அன்றோடு போயிற்று.

மறுநாள் கடைக்குப் போய், உள்ளே கை இருந்தால் ஓடாத ஸ்விட்ச் வேண்டும் என்றேன். கடைக்காரர் பரிவோடு, "குழந்தைக்கு என்ன வயது?" என்றார். "நாற்பத்தொன்று" என்றேன். என் ஆங்கிலம்தான் கோளாறு என்று நினைத்து, நாலு விரலைக் காட்டி, "நாலா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

தொட்டி விளிம்பில் வைக்கிற, காற்றழுத்தத்தாலேயே ஸ்விட்சைத் தட்டுகிற பொத்தானைக் காட்டினார். ஈரக் கையால் அழுத்தினாலும் ஷாக் அடிக்காதாம். ஆனால் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று அதற்கும் தெரியாது. கடைசியில், மூடியே ஸ்விட்சாக இருக்கிற டிஸ்போசலை வாங்கினேன். துளையை மூடித் திருகினால்தான் ஓடும்; கை உள்ளே இருந்தால் மூடிக்கு இடமில்லை. நானே பொருத்தினேன். இப்போதெல்லாம் துளைக்குள் கை விடும்போது எஸ்தர் அந்த மூடியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். என்னிடம் தருவதில்லை.

போன வருஷம் விடுமுறைக்குத் திருவள்ளூர் போயிருந்தோம். கிணற்று மோட்டார் பெல்ட்டில் கை வைத்தபடி தம்பி, "ண்ணா, ஆஃப்ல கீதா பாரு" என்றான். ஸ்விட்ச் மேலே இருந்தது. அணைப்பதாக நினைத்துக் கீழே அழுத்தப் போன என் கை பாதியில் நின்றது. எது சரி என்று சட்டென்று தெரியவில்லை.

"இன்னா ண்ணா, இதுகூடவா மறந்து பூட்ச்சி?" என்று தம்பி சிரித்தான்.

ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பையில் போடப் போனபோது, பக்கத்தில் நின்ற எஸ்தர் தழும்பு விழுந்த விரலோடு கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க."

கொடுத்துவிட்டேன்.