ஒரு மணி நேரம் காய்ச்சிய சர்பத்

1998 வைகாசி மாதம். திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு, என் தங்கையைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வரன்கள் கைநழுவிப் போயிருந்தன. இதாவது அமைய வேண்டுமே என்று வீடே தவித்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கடை கலரெல்லாம் வேணாங்க, நன்னாரி சர்பத் நானே காய்ச்சித் தர்றேன்" என்று போனில் அளந்துவிட்டேன். மாப்பிள்ளை கடலை உருண்டை பிடித்து விற்கிறவர், பொழுது விடிந்தால் பாகில்தான் கண்விழிக்கிறவர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கல்யாணங்களுக்குச் சர்பத் காய்ச்சும் நண்பர் ஒருவர் பக்குவம் சொல்லியிருந்தார். எட்டு லிட்டர் நன்னாரித் தண்ணீர், சர்க்கரை, ஒரு மணி நேரக் கொதி. எங்களுக்கு இரண்டு லிட்டர் போதும். சாமான்களைக் கால்வாசியாகக் குறைத்த இந்த மேதை, நேரத்தை மட்டும் குறைக்கவில்லை. அதுவும் அவரிடமே இரவல் வாங்கிய, வாயகன்ற அண்டாவில்! அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் நாற்காலி போடப் போனேன். அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வாட்ச்சைப் பார்த்தேன், இன்னும் பத்து நிமிடம் பாக்கி.

உள்ளேயிருந்து தங்கையின் குரல். "அண்ணே, ஜல்தி வா! இன்னாண்ணே இது, தார் ரோடு போடப் போறியா?"

ஓடிப் பார்த்தேன். தண்ணீரெல்லாம் ஆவியாகி, அடியில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் பாகு குமிழியிட்டுக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். புஸ்ஸென்று சீறியது. சமையலறை முழுக்க ஆவி. "ஐயோ, செத்தேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. என்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் ஓடி வந்தவர் மாப்பிள்ளை. அடுப்பைத் தணித்தார். கட்டிதட்டிப் போன பாகைக் கிளறிக்கொண்டே, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். ஊற்றியது தங்கை.

"பயப்படாதீங்க மச்சான், கருகல. அண்டா வாய் அகலம், தண்ணி கம்மி, சீக்கிரமா சுண்டிப்பூடும். வாட்ச்சப் பாத்துக்கினு இருக்காதீங்க. குச்சி வுட்டு, தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு பாருங்க."

மச்சானா? இன்னும் தாம்பூலத் தட்டே மாற்றவில்லையே!

கூடத்திலிருந்து அவருடைய அம்மா கேட்டார். "டேய், பொண்ணு வூட்ல இன்னும் சரின்னே சொல்லல, அதுக்குள்ள மச்சானா?"

வீடே சிரித்தது. அவர் காது சிவக்க, குனிந்த தலை நிமிராமல் கிளறினார்.

சர்பத் லேசாகக் கசந்தது. ஆனாலும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். அவர்கள் கிளம்பும் முன் தங்கையைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"சரின்னு சொல்லிடுண்ணே. கத்தினது நீ, ஓடியாந்தது அவரு. வேற இன்னா பாக்கணும்?" என்றாள்.

எதற்கெடுத்தாலும் அலறுகிற என் சுபாவத்தை இன்றும் வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. நமக்காக யார் ஓடி வருவார்கள் என்பது அலறினால்தானே தெரிகிறது!